குடோன் மூலையில் 13 விதம்

பாரிமுனைப் பக்கம் மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "குடோன் மூலையில பெட்டி அடுக்குறோம். சரியாம அடுக்க மொத்தம் எத்தனை விதம் இருக்கு சார்?"

எல்லாம் ஒரே அளவுப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். மூலையில்தான் அதிக உயரம். அங்கிருந்து எந்தச் சுவரின் பக்கம் நகர்ந்தாலும் அடுக்கின் உயரம் குறையலாம், சமமாக இருக்கலாம், கூடக் கூடாது. ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை பெட்டி என்று கட்டம் போட்டு எழுதினால், அதுதான் பிளேன் பார்ட்டிஷன். ஒரே சுவரோடு நிறுத்திக்கொண்டால் சாதாரண எண் பிரிவினை (4ஐ 3+1, 2+2 என்று கூட்டலாகப் பிரிப்பது), நம் ராமானுஜன் புகுந்து விளையாடிய இடம். அதில் 4 பெட்டிக்கு 5 விதம்.

மூலையில்? 2 பெட்டிக்கு 3 விதம்: மேலே, இந்தச் சுவர், அந்தச் சுவர். 3 பெட்டிக்கு 6. 4 பெட்டிக்கு 13. 10 பெட்டிக்கு 500. இதில் என்ன ஒழுங்கு?

ஒழுங்கு உங்கள் கடை அலமாரியில் இருக்கிறது. 1 கிலோ பருப்பு பாக்கெட் ஒரே ரகம், 2 கிலோ பாக்கெட்டில் இரண்டு ரகம், 3 கிலோவில் மூன்று, 4 கிலோவில் நான்கு என்று கற்பனை செய்யுங்கள். வாடிக்கையாளர் 4 கிலோ கேட்கிறார். எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? ஒரே 4 கிலோ பாக்கெட்டாக 4 விதம். 3ம் 1ம் என்றால் 3. இரண்டு 2 கிலோ என்றால் இரண்டும் முதல் ரகம், இரண்டும் அடுத்த ரகம், ரகத்துக்கு ஒன்று: 3. ஒரு 2, இரண்டு 1 என்றால் 2. நான்கு 1 என்றால் 1. கூட்டுங்கள்: 13! எத்தனை கிலோவுக்குப் போட்டாலும் பருப்புக் கணக்கும் பெட்டிக் கணக்கும் ஒன்றேதான். முதல்முறை போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பெயரில் ஒரு எழுத்தைக் கூட்ட நியூமராலஜிக்காரருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள், 1962இலிருந்து இங்கே சென்னையில் ஒரு கணித அறிவியல் நிறுவனம் இருப்பதைக் கேள்விகூடப் பட்டதில்லை என்பது என் வயிற்றெரிச்சல்.

இதைக் கண்டவர் பெர்சி மக்மஹோன், பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி. 1873இல் அவரை முதலில் அனுப்பியது நம் மதராஸுக்குத்தான். ஊகித்ததை நிரூபிக்க அவருக்கே பல ஆண்டுகள் பிடித்தன. சாதாரண எண் பிரிவினையில் 200ஐப் பிரிக்கும் வழிகள் 39,72,99,90,29,388 என்று கணக்கிட்டதும் அவரே. ராமானுஜனும் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டியும் எண் பிரிவினைக்கான தங்கள் சூத்திரத்தைச் சரிபார்த்தது அந்த எண்ணை வைத்துத்தான்.

சரி, பெட்டி அடுக்க நீளம், அகலம், உயரம் தாண்டி இன்னொரு திசையும் இருந்தால்? அதற்கும் மக்மஹோன் அதே பாணியில் ஒரு சூத்திரத்தை ஊகித்தார். 5 பெட்டி வரை பிசகவில்லை. 6 பெட்டிக்குச் சூத்திரம் 141 என்கிறது. எண்ணிப் பார்த்தால் 140. அந்த ஒன்றில் இடறிய சூத்திரத்துக்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை.