ஒயின் ஜாடியில் வெள்ளைக்கரு, வாயில் துவர்ப்பு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஈஸ்டருக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுகிறவர்கள் பலர் கடைசியாக ஒரு வேலை செய்வார்கள். தவக்காலம் முழுக்க மூடிக் கிடந்த பீங்கான் ஜாடியைத் திறந்து வெள்ளைத் துணியில் வடிகட்டுவார்கள். ஒரு முட்டையை உடைத்து, மஞ்சள்கருவை ஒதுக்கிவிட்டு, வெள்ளைக்கருவை லேசாக அடித்து அதில் கலப்பார்கள். ஏன் என்று கேட்டால் "கசடு இறங்கும்" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். கசடு இறங்கவும் செய்யும். கலந்த கொஞ்ச நேரத்திலேயே ஒயினுக்குள் மெல்லிய இழைகள் திரிவது தெரியும். இரண்டு நாள் அசைக்காமல் விட்டால் கலங்கல் தெளிந்து, டம்ளரை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் விரல் தெரியும். அடியில் வழவழவென்று ஒரு படிவு கிடக்கும்.

அந்தப் படிவு வெறும் அழுக்கு இல்லை. முட்டையின் புரதமும், திராட்சையில் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கனம் தாங்காமல் மூழ்கியவை. ஒயின் குடித்ததும் நாக்கு வறள்வதற்கும் இந்தப் பிடிப்புதான் காரணம். எலும்புக் குழம்பு சாப்பிட்ட வாய்க்கு அதே ஒயின் இதமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். ஆம்பூரில் ஆட்டுத்தோல் அழுகாமல் பதனாவதும் இதனால்தான். ஈஸ்டர் பந்தியின் ருசியில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

முதலில் ஜாடிக்குள் போவோம். மார்ச் 21-ம் தேதி அல்லது அதற்குப் பின் வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் அது மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். சாம்பல் புதனையொட்டித் திராட்சை போட்டால் நாற்பது நாளுக்குமேல் கிடைக்கும். அத்தனை நாளும் எலத்தகிரி, கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் பல வீட்டு அடுப்பில் கறி ஏறாது. ஆகவே ஒயினும் கறியும் ஒரே நாளில்தான் இலைக்கு வருகின்றன.

திராட்சை பெரும்பாலும் பெங்களூர் புளூ ரகம். ஓசூரைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் விளைந்து வருவது. கருநீலம், தடித்த தோல், உள்ளே கொட்டை. தின்பதற்குக் கொட்டையில்லாத பச்சைத் திராட்சையைத் தேடுகிறவர்கள்கூட ஒயினுக்கு இதைத்தான் கேட்பார்கள். அது சரிதான், டானின் சதையில் இருப்பதைவிடத் தோலிலும் கொட்டையிலும்தான் அதிகம்.

பழத்தை நசுக்கி வைத்ததும் ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சை சர்க்கரையைத் தின்னத் தொடங்குகிறது. திராட்சைத் தோல்மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதுதான் ஈஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் மெழுகு. ஈஸ்ட் அதில் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முதல் சில நாள் வேலை செய்பவை ஆல்கஹாலை அதிகம் தாங்காத காட்டு ஈஸ்ட்டுகள். ஆல்கஹால் ஏற ஏற அவை மடியும். அப்புறம் சாக்கரோமைசிஸ் செரிவிசியே பொறுப்பெடுத்துக்கொள்ளும். பேக்கரிக்காரர் ரொட்டி மாவில் போடுவதும் இதே இனம்தான். 180 கிராம் குளுக்கோஸ் ஏட்டுக் கணக்கில் 92 கிராம் ஆல்கஹாலாகவும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். அந்த 88 கிராம் வாயு அறை வெப்பத்தில் ஏறக்குறைய 49 லிட்டர் இடம் கேட்கும். நொதிப்பு அடங்குமுன் பாட்டிலில் அடைத்து இறுக்கி மூடுகிறவர்கள் இந்த ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும், பாட்டில் வெடிக்காது.

ஒரு லிட்டர் சாற்றில் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் 1 சதவீத ஆல்கஹால் என்பது நடைமுறைக் கணக்கு. வீட்டில் ஒரு கிலோ பழத்துக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று சர்க்கரை கொட்டுகிறோம். ஈஸ்ட்டால் அதை முழுதும் தின்ன முடியாது. ஆல்கஹால் 12, 15 சதவீதம் வந்தாலே தன் கழிவில் தானே தளர்ந்துவிடும். மிச்சச் சர்க்கரை ஒயினிலேயே தங்குகிறது. நம் வீட்டு ஒயின் இனிப்பாக இருப்பது இதனால்தான். ஒயின் தெரிந்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள். கேலியில் நியாயம் இல்லை, காரணத்தைக் கீழே மிளகாய் வரும்போது சொல்கிறேன்.

வெப்பமும் கவனிக்க வேண்டியது. சர்க்கரை உடையும்போதே சூடு வெளிப்படும். அதன்மேல் தருமபுரியின் மார்ச் கடைசி வெயிலும் சேர்ந்து ஜாடிக்குள் 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் பாதியில் நின்றுவிடும். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கும் ஓசூரில் இந்தத் தொல்லை குறைவு. சிலர் ஒரு பிடி கோதுமை போடுவார்கள். கோதுமை மாவுச்சத்தை ஈஸ்ட் அப்படியே தின்ன முடியாது. அதிலிருந்து கரையும் கொஞ்சம் நைட்ரஜன் சத்துதான் அதற்கு உதவும்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஜாடி வாங்கக் கிளம்ப வேண்டாம். நான் சொல்வது செய்முறை இல்லை, உள்ளே நடப்பது. 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அதற்குள்தான் இருந்தன. தருமபுரி 1965-லும் கிருஷ்ணகிரி 2004-லும்தான் தனி மாவட்டங்களாயின. அந்த 1937 சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்குமேல் இறந்த பிறகு, 'வீட்டு ஒயினிலும் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் வருமா?' என்ற பயம் பலருக்கு வந்திருக்கிறது. திராட்சைத் தோலின் பெக்டினிலிருந்து மெத்தனால் துளியளவு வரத்தான் செய்யும். எல்லா ஒயினிலும் உண்டு, விஷமாகும் அளவு இல்லை. கள்ளச்சாராயத்தில் ஆளைக் கொல்வது அதில் கலக்கப்படும் தொழிற்சாலை மெத்தனால். உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும்.

சரி, டானினுக்கு வருவோம். செடிகள் தங்களைத் தின்னவரும் பூச்சி, விலங்குகளிடமிருந்து தப்பிக்கச் சேர்த்துவைக்கும் பொருள்களில் ஒன்று அது. மாவடு, நாவல், வாழைப்பூ, கடுக்காய், தேயிலை எல்லாவற்றிலும் இருக்கிறது. நம் ராகியின் செம்பழுப்புத் தோலிலும் இருக்கிறது. களியை மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். ஒரு உருண்டையை வேண்டுமென்றே மென்று பாருங்கள், லேசான துவர்ப்பு பிடிபடும். திராட்சையை மிக்ஸியில் அடிக்காதே, கையால் பிசை என்று பெரியவர்கள் சொல்வதும் இந்தக் கணக்குதான். பிளேடு கொட்டையை உடைத்தால் உள்ளிருக்கும் கடுமையான டானினும் கசப்பும் மொத்தமாக இறங்கிவிடும்.

அறுசுவையில் துவர்ப்பு உண்டு. ஓசூர்ப் பக்கம் இதே பருவத்தில் வரும் உகாதிக்குச் செய்கிற பச்சடியில் மாங்காய் அந்தப் பங்கைக் கொடுக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் நாக்கின் சுவை என்று எண்ணுவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்தைத்தான். துவர்ப்பு பெரும்பாலும் தொடு உணர்வைச் சேர்ந்தது. நம் எச்சிலில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் உண்டு. எஞ்சினுக்கு ஆயில் எப்படியோ அப்படி, நாக்கும் கன்னமும் உரசாமல் வழுக்கி நகர்வதற்கு அவை உதவுகின்றன. டானின் வந்ததும் இந்தப் புரதங்களைக் கொத்துக் கொத்தாகப் பிடித்துக் கட்டிவிடுகிறது. வழுவழுப்பு போய் உராய்வு கூடுகிறது. அந்த உராய்வைத்தான் 'நாக்கை இழுக்குது' என்கிறோம்.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். துவர்ப்பான ஒயினையோ, சர்க்கரையும் பாலும் போடாத கடுந்தேநீரையோ ஒரு வாய் எடுத்துப் பத்து விநாடி கொப்பளித்து வெள்ளைக் கிண்ணத்தில் துப்புங்கள். இழை இழையாக, திரி திரியாகத் தெரியும். ஜாடியில் வெள்ளைக்கரு கலந்தபோது தெரிந்த அதே இழைகள். இரண்டாவது வாயில் துவர்ப்பு இன்னும் ஏறும், மூன்றாவதில் மேலும் ஏறும். எச்சில் சுரந்து ஈடுகட்டுவதற்குள் அடுத்த டானின் வந்துவிடுகிறது.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலுக்கும் இந்த வேதியியல்தான் முதல். குரோமியம் உப்புகள் வருவதற்கு முன்னால் தோலைப் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போதுமாக இருந்தன. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். டானின் கொலாஜன் இழைகளுக்கிடையே புகுந்து கட்டிவிட்டால் பாக்டீரியாவால் அதை எளிதில் தின்ன முடியாது.

இப்போது இலையைப் பார்ப்போம். ஈஸ்டர் மத்தியானம், ராகிக் களி, நெஞ்செலும்பும் காலும் சேர்த்து வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு. எலும்பை ஒட்டிய சவ்வும் தசைநாரும் கொலாஜன்தான். 60, 65 டிகிரியில் அது சுருங்கிக் கறியை ரப்பராக்கும்; பலர் இந்தக் கட்டத்தில்தான் 'கறி முத்தல்' என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். 70 டிகிரிக்குமேல் பொறுமையாக வேகவிட்டால் அது அவிழ்ந்து ஜெலட்டினாகக் குழம்பில் கரையும். குக்கருக்குள் சூடு 120 டிகிரியை நெருங்குவதால் அங்கே இது வேகமாக நடக்கும். எலும்புக் குழம்பு உதட்டில் பிசுபிசுப்பதும், ஃபிரிஜ்ஜில் வைத்தால் மறுநாள் ஜெல்லியாக ஆடுவதும் அந்த ஜெலட்டினால்தான்.

ஜெலட்டினும் புரதம். ஒயின் ஆலைகளில் வெள்ளைக்கருவுக்குப் பதிலாக ஜெலட்டின் போட்டுத் தெளிவிப்பதும் உண்டு. ஆகவே குழம்பு சாப்பிட்ட வாயில் ஒயின் படும்போது, டானினுக்குப் பிடித்துக்கொள்ள எச்சில் புரதம் மட்டுமே என்ற நிலை இல்லை. ஜெலட்டினும் கறிப் புரதமும் நிறையக் கிடக்கின்றன. எச்சில் தப்பிக்கிறது, துவர்ப்பு தணிகிறது. எதிர்த் திசையிலும் ஒன்று நடக்கிறது. ஆட்டுக்கொழுப்பு வாயில் படிந்து மந்தமாக இருக்கும்போது, ஒயினின் புளிப்பும் துவர்ப்பும் அந்த வழவழப்பைக் குறைத்து அடுத்த கவளத்துக்கு வாயைத் தயாராக்குகின்றன. குழம்பின் உப்பு ஒயினின் கசப்பை அமுக்கும்.

வெள்ளைக்கருவின் அளவில் எனக்கு ஒரு குறை உண்டு. பிரான்சின் போர்தோவில் 225 லிட்டர் பீப்பாய்க்குப் போடுவது ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கரு. நாம் ஐந்து லிட்டர் ஜாடிக்கே ஒன்று போடுகிறோம். கசடோடு சேர்ந்து நல்ல டானினும் அடியில் போய்விடும், அப்புறம் கறிக்கு ஈடுகொடுக்க ஒயினில் துவர்ப்பு மிஞ்சாது. ஐந்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வெள்ளைக்கருவே தாராளம்.

மிளகாய் விஷயம் வேறு. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் நம் நரம்பில் இருக்கும் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பியைத் தட்டுகிறது. 1997-ல் இதைக் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ். 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏறக்குறைய 42 டிகிரிச் சூட்டுக்கு விழிக்க வேண்டிய இந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துவிடும். நம் வாயின் சூடே அதற்குமேல்தான் இருக்கிறது. காரக் குழம்புக்கு மேல் கடுமையான சாராய வகைகளைக் குடித்தால் எரிச்சல் கூடுவது இதனால். இனிப்பு அந்த எரிச்சலை மட்டுப்படுத்தும். இனிப்பில்லாத வெளிநாட்டு ஒயின் அவர்கள் ஊர்க் காரமில்லாத கறிக்குச் சரி, வரமிளகாயும் மிளகும் அரைத்த நம் குழம்புக்கு வீட்டு இனிப்பு ஒயின்தான் பொருந்தும்.

கிருஷ்ணகிரி அணை மீன் வறுவலோடு சிவப்பு ஒயின் ஏனோ கவிச்சி அடிக்கும். ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு, மீன் கொழுப்போடு வினைபுரிந்து அந்த வாடையைக் கிளப்புகிறது. எலுமிச்சை பிழிந்த மோரோடு சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

பிள்ளைகளுக்கும் மது வேண்டாதவர்களுக்கும் அதே திராட்சையைத் தோலோடு கொதிக்கவைத்து வடித்த சாறு போதும். சூட்டிலும் டானின் நன்றாக இறங்கும், கறியோடு அதே மாதிரி ஒத்துப்போகும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. ஆகவே குடிக்கிறவர்களுக்கும் அந்தச் சாற்றைத் தாராளமாகக் காட்டலாம்.

பரிமாறும் சூட்டையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் வெயிலில் அறையிலேயே கிடந்த ஒயினில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். ஐஸில் புதைத்தால் இனிப்பு மங்கித் துவர்ப்பும் கசப்பும் முன்னுக்கு வரும். இரண்டுக்கும் நடுவே, ஈரத்துணி சுற்றி மண்பானைத் தண்ணீருக்குள் அரைமணி நேரம் நிறுத்திவைத்தால் சரியாக இருக்கும். பாட்டிலில் பாதி மிஞ்சினால் சின்ன பாட்டிலுக்கு மாற்றிக் கழுத்துவரை ஊற்றி ஃபிரிஜ்ஜில் வையுங்கள். காற்றுக்கு இடம் இருந்தால் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் சில வாரத்தில் அதை வினிகராக்கிவிடும். அப்படி ஆனாலும் கொட்ட வேண்டாம். அடுத்த முறை கறி ஊறவைக்க உதவும்.