இன்டர்ஃபியரன்ஸ்: தலையீடா, குறுக்கீடா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அம்மா பக்திப் பாட்டு போடுவார். நடுவில் ஸ்பீக்கர் 'டட்டர டட்டர' என்று அடித்துக்கொள்ளும். அடுத்த நொடியே அலமாரி மேலிருக்கும் போன் மணியடிக்கும். "யாரோ கூப்பிடறாங்க, எடு" என்பார் அம்மா, மணிக்கு முன்பே. இதை நாங்கள் எல்லாரும் இன்டர்ஃபியரன்ஸ் என்றே சொல்கிறோம். தமிழ் வகுப்பில் ஒரு பையன் இதற்குத் தமிழ் கேட்டபோது 'தலையீடு' என்று சொல்லித் தொலைத்தேன்.

அது பொருந்தாது. தலையீடு, வேண்டுமென்றே மூக்கை நுழைப்பது. அதற்கு ஒரு தலையாவது வேண்டும். போனுக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது என்று பொருள். 'ஃபெரிரே' என்றால் லத்தீனில் அடித்தல். ஓடும் குதிரை தன் ஒரு காலால் மறு காலை இடித்துக்கொள்வதையும் ஆங்கிலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். ஜூலைக் குதிரைப் பந்தயத்துக்கு டர்பனின் கிரேவில் மைதானம் போகும் மாமாக்களிடம் இதைச் சொன்னால் சொல் மறக்காது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் இந்தச் சொல்லை ஒளியலைகளுக்குப் பயன்படுத்தினார். அதைப் பாடநூல்கள் 'குறுக்கீட்டு விளைவு' என்கின்றன.

குறுக்கே இடுவது குறுக்கீடு. சுடு சூடானதைப் போல இடு ஈடாகிறது. இடையூறு என்றும் சொல்லலாம். 676ஆம் குறளிலேயே 'முடிவும் இடையூறும்' என்று வருகிறது. ஆனால் மழையும் இடையூறுதான், பக்கத்து வீட்டு நாயும் இடையூறுதான். அலைக்குக் குறுக்கீடே சரி. காதில் விழும் கரகரப்போ இரைச்சல்; அது விளைவு, குறுக்கீடு காரணம்.

2ஜி போன் தொடர்ந்து அலை வீசுவதில்லை. நொடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு வீசும். ஸ்பீக்கர் வயர் ஆன்டெனா போல அதைப் பிடிக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர் உயர் அலைவெண்ணைக் கழித்துவிட்டு அந்தத் துடிப்பை மட்டும் மிச்சம் வைக்கிறது. 217 ஹெர்ட்ஸ் நம் காதுக்கு எட்டுகிற ஒலிதானே! 'கொய்ங்' என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் வேறு, அது வீட்டு மின்சாரத்தின் வேலை. அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.

லோட் ஷெடிங் எனும் மின்வெட்டுக்காக வாங்கிய இன்வெர்ட்டரும், மலிவு எல்.ஈ.டி. விளக்கும்கூடக் குறுக்கிடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் ஆள் அகப்படும். அப்புறம் ஒலியளவைப் பூஜ்யத்துக்குக் குறையுங்கள். அப்போதும் இரைச்சல் அப்படியே இருந்தால், அலை ஒலியளவுத் திருகுக்குப் பிந்தைய பகுதியில், பெரும்பாலும் ஸ்பீக்கர் வயர் வழியாக, நுழைகிறது. சுருட்டிக் கிடக்கும் உபரி வயரை வெட்டிக் குட்டையாக்கி, ஆம்ப்ளிஃபயர் முனையில் ஃபெரைட் (உயர் அலைவெண்ணைத் தடுக்கும் காந்தப் பொருள்) வளையத்துக்குள் நாலைந்து சுற்று சுற்றுங்கள்.

எங்கள் வீட்டில் போனை அடுப்படிக்கு மாற்றினோம். இரைச்சல் போய்விட்டது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியவில்லையே என்று அம்மாவுக்குத்தான் குறை.