முழங்கால் ஆழத்தில் குத்தும் முள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஆண்டுதோறும் வரும் தடை இது. இந்த நாட்களில் மீன்பிடி முழுவதும் கரையை ஒட்டி நகர்ந்துவிடுகிறது. வள்ளங்களும் நாட்டுப்படகுகளும் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே நண்டு வலை விடுகின்றன. கரைவலை இழுப்பவர்கள் இடுப்பளவு நீரில் நிற்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் தூண்டிலும் வீச்சுவலையும் எடுத்துக்கொண்டு சிறுவர்கள் இறங்குகிறார்கள். ஊருக்கு வந்த விருந்தாளிகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே இறங்கிவிடுகிறார்கள். கரைக் கடல்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்ற துணிச்சல் எல்லோருக்கும் இருக்கிறது.

பாக் விரிகுடாக் கரையில் மருத்துவம் பார்ப்பவன் நான். சித்திரை, வைகாசி மாதங்களில் என்னிடம் வரும் கடல் காயங்களில் பெரும்பாலானவை இந்த முழங்கால் ஆழத்து நீரில் பட்டவை. அவற்றில் பலவற்றின் வேதனையை ஒரு பாத்திரம் வெந்நீரால் கரையிலேயே தணித்திருக்க முடியும். அது தெரியாமல் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் துடித்த பிறகு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் திருக்கை. பாக் விரிகுடா பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். அடியில் மணலும் சேறும் கடற்புல்லும். திருக்கைக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. பகலில் மணலை மேலே வாரிப் போட்டுக்கொண்டு கண் மட்டும் தெரியும்படி படுத்திருக்கும். அது யாரையும் துரத்தி வந்து குத்துவதில்லை. நாம் அதன் முதுகில் மிதிக்கிறோம், அது வாலைச் சுழற்றி மேலே வீசுகிறது. அதனால் காயம் எப்போதும் புறங்காலிலோ கணுக்காலிலோ கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியிலோதான் இருக்கும். வாலில் இருக்கும் முள்ளின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் போன்ற பற்கள் உண்டு. அவை பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் உள்ளே போகும்போது எளிதாகப் போய், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள்ளைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோலுறையில்தான் நஞ்சு. குத்தும்போது அந்த உறை கிழிந்து நஞ்சு காயத்துக்குள் இறங்குகிறது.

அந்தக் கடுப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கடலில் பிறந்து வளர்ந்த, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கரைவலைக்காரரைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தோம். துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கணுக்காலில் இருந்த காயம் கட்டை விரல் நீளம்தான். ஆனால் அதன் விளிம்பு சாம்பலும் நீலமுமாக மாறியிருந்தது. சுற்றிலும் வெளுத்து வீங்கியிருந்தது. காயத்தின் மேல் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவிவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் ஊற்றி, தாங்குகிற சூட்டில் காலை முழங்கால் வரை இறக்கினோம். பத்து நிமிடம் ஆவதற்குள் சட்டத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதைக் கரையிலேயே செய்திருக்கலாமே, டாக்டர்" என்றார்.

ஆம், செய்திருக்கலாம். திருக்கையின் நஞ்சு புரதத்தால் ஆனது. சூடு பட்டால் அதன் வீரியம் குறைந்துவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திருக்கை குத்திய 119 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். வெந்நீர் ஒன்றை மட்டும் முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களில் பெரும்பான்மையினருக்கு அரை மணி நேரத்தில் வேறு மருந்து இல்லாமலே வலி அடங்கியிருந்தது. எங்கள் கரையில் நான் பார்ப்பதும் அதுதான்.

செய்யும் முறையில் கவனம் வேண்டும். நீரின் சூடு 45 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது. படகில் வெப்பமானி யாரிடமும் இருக்காது. ஆகவே அடிபடாத காலையோ கையையோ முதலில் நீரில் வைத்துப் பாருங்கள். நன்றாகச் சுட வேண்டும், ஆனால் எடுக்காமல் தாங்க முடிய வேண்டும். அடிபட்ட காலைக் கொண்டு சூடு பார்க்கக் கூடாது. வலியின் உச்சத்தில் கொதிநீரும் இதமாகத் தோன்றும். பிறகு தோல் கழன்று வரும். சர்க்கரை நோயாளிகள் தங்கள் எந்தக் காலையும் நம்பக் கூடாது. பாத நரம்புகள் மரத்துப்போன ஒருவருக்கு இரண்டு கால்களுமே பொய் சொல்லும். அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் முழங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை நீரிலேயே வைத்திருந்து, ஆற ஆறக் காலை வெளியே எடுத்துவிட்டுச் சூடான நீர் ஊற்றுங்கள். வெளியே எடுத்ததும் வலி திரும்பினால் மறுபடி இறக்குங்கள்.

நடுக்கடலில் வெந்நீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். தேநீர் கொண்டுபோகும் பிளாஸ்க்கோடு வெறும் வெந்நீருக்கு இன்னொன்று எடுத்துப் போகலாம். கடல்நீரோடு கலந்தால் காலுக்குப் போதுமான சூட்டில் ஒரு சட்டி நீர் கிடைக்கும். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வெளியே வரும் நீரும் பல படகுகளில் நல்ல சூட்டில் இருக்கும். சூடு பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். கரைக்கு வந்துவிட்டால் இறங்குதுறைத் தேநீர்க் கடையில் எப்போதும் வெந்நீர் உண்டு. கேட்டால் தராத கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

வெந்நீரோடு வேலை முடிந்துவிடாது. முள்ளின் துண்டு உள்ளே உடைந்து தங்கியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, காயத்தைத் திறந்து கழுவி, தனுர்வாதத் தடுப்பூசி போட வேண்டும். வலி போய்விட்டது என்று வீட்டுக்குப் போனவர்கள் பத்து நாள் கழித்துச் சீழோடு வருகிறார்கள். இன்னொன்று: மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் குத்தி நின்றால் அதைப் பிடுங்கவே கூடாது. அசையாமல் துணியால் முட்டுக் கொடுத்து அப்படியே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். காட்டுயிர்களைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பரில் உயிரிழந்தது மார்பில் திருக்கை முள் பாய்ந்துதான். வலையில் ஏறிய திருக்கையைக் குனிந்து தூக்கும்போது முகமும் மார்பும் அதன் வாலுக்கு நேராக வருகின்றன என்பதை இளைஞர்கள் மனதில் வைக்க வேண்டும்.

நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி உரசி நடந்தால் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப் போய்விடும். பெரியவர்கள் பலர் இப்படித்தான் நடக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

கெளிறு, ஓரா மீன்களின் முள் குத்தினாலும் இதே வெந்நீர்தான். கெளிற்றுக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள்; ஓராவுக்கு முதுகிலும் வயிற்றுப் பக்கமும் வரிசையாக முட்கள். கடற்புல் மேய வரும் ஓரா இந்தக் கரையில் ஏராளம். வலையிலிருந்து கழற்றும்போதுதான் குத்தும். செத்த மீனின் முள்ளும் குத்தும், அதிலும் நஞ்சு இருக்கும். சந்தையில் மீன் வெட்டும் பெண்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

காயத்தின் மேல் சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், பீடி நெருப்பு எதுவும் வேண்டாம். இவற்றால் நஞ்சு முறியாது. காயம் வெந்து, அழுக்கு உள்ளே போய், பார்க்கிற மருத்துவருக்கு எது முள் செய்தது, எது மருந்து செய்தது என்றே தெரியாமல் போகிறது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். ஐஸ் வைத்தால் இந்தக் கடுப்பு கூடத்தான் செய்யும்.

சொறி எனப்படும் ஜெல்லிமீன் பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும், இன்னும் வெடிக்காத நஞ்சுப் பைகளை இரண்டுமே வெடிக்க வைக்கும். கடல்நீரை ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை ஒரு குச்சியாலோ கையுறை போட்ட கையாலோ மெல்ல எடுங்கள். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் வலிப்பவை. வலி இருப்பதால் மனிதர் எப்படியும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிடுகிறார். எனக்கு அதிக அச்சம் தருவது வலிக்காத கடிதான்.

கடல் பாம்பு கடிக்காது, அதன் வாய் சிறியது, விரலைக் கவ்வ முடியாது என்று கரையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையில் வலையிலிருந்து பாம்பை வாலைப் பிடித்து எடுத்து வீசுகிறார்கள். பெரும்பாலான கடல் பாம்புகள் சாதுவானவை என்பது உண்மை. ஆனால் வலைக்கடியன் அப்படியல்ல. கரையோரத்திலும் முகத்துவாரங்களிலும் கலங்கலான நீரில் திரிவது அதுதான்; உலகில் கடல் பாம்புக் கடியால் நேரும் இறப்புகளில் பெரும்பங்கு அதனுடையது. துடுப்பு போலத் தட்டையான வால் இருந்தால் அது விலாங்கு அல்ல, பாம்பு.

கடிபட்ட இடத்தில் ஊசி குத்தியது போல ஒன்றிரண்டு புள்ளிகள் இருக்கும். வீக்கம் இல்லை, எரிச்சல் இல்லை. மீன் முள் பட்டது என்று நினைத்து வேலையைத் தொடர்வார்கள். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் வலி தொடங்கும். கழுத்தும் தொடையும் அசைத்தால் வலிக்கும். தாடை இறுகும், நாக்கு தடிக்கும், கண் இமை தானாக இறங்கும். நஞ்சு தசைகளைச் சிதைக்கிறது; சிதைந்த தசையின் நிறமி சிறுநீரில் இறங்கி அது கருங்காப்பி நிறமாகிறது. அந்த நிறமியே சிறுநீரகத்தை அடைக்கிறது. தசைகளிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடியது.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் தயாரிக்கப்பட்டது. கடல் பாம்பின் நஞ்சை அது முறிக்காது. ஆகவே ஊசி போட்டாயிற்று என்று யாரும் நிம்மதி அடைய முடியாது. உயிரைக் காப்பது செயற்கைச் சுவாசக் கருவியும் டயாலிசிசும்தான். அவை இருக்கும் மருத்துவமனைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். வெந்நீர் இதற்கு உதவாது. கீறி இரத்தத்தை உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கை கால் முழுவதையும் எலாஸ்டிக் கட்டுத்துணியால் சுற்றி, ஒரு மரப்பட்டையை வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். கடிபட்ட பல பேருக்கு நஞ்சு இறங்கியிருக்காது. ஆனாலும் குறைந்தது எட்டு மணி நேரம் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும்.

இனி சர்க்கரை நோயாளிகளுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும், குறிப்பாக நெடுநாள் மது அருந்துபவர்களுக்கும் ஒரு தனி எச்சரிக்கை. கோடையில் இந்தக் கடல் 30 டிகிரியைத் தாண்டிச் சூடேறுகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் பவளப்பாறைகள் வெளுத்தது அந்தச் சூட்டால்தான். இதே சூட்டில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா நன்றாகப் பெருகும், குறிப்பாக ஆறு கலக்கும் முகத்துவாரங்களில். நண்டுக் கால் கீறிய சிறு காயத்தின் வழியாகக்கூட உள்ளே போகும். மறுநாளே கால் வீங்கி, ஊதா நிறக் கொப்புளங்கள் எழும்பி, காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி வரும். இதில் ஒரு இரவு பொறுப்பதுகூட ஆபத்து. உயிர் பிழைத்தாலும் காலை இழப்பவர்கள் உண்டு. மருந்துக் கடையில் சாதாரண ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இதற்கு வேறு மருந்துகள், பல நேரம் அறுவை சிகிச்சையும் தேவை. காயம் ஆறாத நிலையில் இவர்கள் கடலில் இறங்காமல் இருப்பதே நல்லது. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ரப்பர் காலணி இல்லாமல் இறங்க வேண்டாம். கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொள்கிறார்கள். கையுறை வாங்க முடியாதவர்களுக்கு அதுவும் ஓரளவு காப்பு.

கடைசியாக, அவசரமே காட்டாத ஒரு நோய். முள் குத்தி ஆறிய விரலில் இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிறு முடிச்சு ஒன்று எழும்பும். வலி அதிகம் இராது. மெல்ல மெல்ல அதே போன்ற முடிச்சுகள் முன்கை வழியாக மேலே ஏறும். காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி செய்யும் வேலை இது. சாதாரணச் சீழ்ப் பரிசோதனையில் தெரியாது. சதைத் துண்டு எடுத்துத் தனியாகத் தேட வேண்டும். பல மாதங்கள் பல மருத்துவர்களிடம் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் தாங்கள் மீன் பிடிப்பவர்கள் என்றோ முள் குத்தியது என்றோ சொல்லவில்லை. நகரத்து மருத்துவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நீங்களே சொல்லுங்கள். கடல்நீரில் கை வைக்கும் தொழில், இந்த இடத்தில் இந்த மீனின் முள் பட்டது, இத்தனை வாரம் ஆயிற்று என்று மூன்று விவரம் போதும். சரியான மாத்திரையை மூன்று, நான்கு மாதம் விடாமல் சாப்பிட்டால் இது முழுமையாகக் குணமாகும்.