கேரிசன்: தமிழில் நிலைப்படை

கேரிசன் என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டால், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பலரும் 'கேம்ப்' என்றுதான் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்த ஊரை ஒட்டிய தோட்டங்களில் ஐரோப்பிய அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ராணுவம் கூடாரம் போட்ட இடமெல்லாம் நம் மக்கள் வாயில் கேம்ப் ஆனது, மலாயில் 'கெம்'. ஆனால் கேம்ப்பை இன்று அடித்து நாளை பிரித்துவிடலாம். ஓர் ஊரையோ கோட்டையையோ தீவையோ காப்பதற்காக அங்கேயே தங்கவைக்கப்பட்ட படைதான் கேரிசன். அது தங்கும் இடத்துக்கும் அதே பெயர் வழங்குகிறது. மலாய்மொழி இதை 'கரிசன்' என்று அப்படியே எடுத்துக்கொண்டது.

சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு. காப்பது என்ற பொருளுள்ள வினையிலிருந்து 'கரிசோன்' பிறந்தது. இன்றைய பிரெஞ்சில் நோய் குணமாவதைக் குறிக்கும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அதற்குப் படை என்ற பொருளே இல்லை. செல்வம், கொடை, பாதுகாப்பு என்றுதான் வழங்கியது. தேவையானதைக் கொடுத்து ஆயத்தப்படுத்துவதைக் குறிக்கும் இன்னொரு பிரெஞ்சுச் சொல் ஒலியால் இதோடு கலந்தது. அப்புறம்தான் கோட்டையில் இருத்தப்பட்ட படை என்ற பொருள் நிலைத்தது. ஆக, காப்பும் பராமரிப்பும் சேர்ந்த சொல் இது. ஆயுதம் இதன் வேரில் எங்கும் இல்லை.

போர் முடிந்தபின் இந்தப் பராமரிப்பு எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஃபாக்லாந்து தீவுகளைப் பார்க்கலாம். தென் அட்லாண்டிக்கில், பிரிட்டனிலிருந்து சுமார் 13,000 கிலோமீட்டர் தொலைவில், அதன் ஆட்சிக்கு உட்பட்ட ஆட்டுப்பண்ணைத் தீவுகள். 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா அவற்றைப் பிடித்தது. ஜூன் 14 அன்று பிரிட்டன் மீட்டது. மறுபடி தாக்குதல் வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாததால் படை அங்கேயே தங்க வேண்டியிருந்தது. எங்கே தங்குவது? தீவுகளின் மொத்த மக்கள்தொகையே 1,800 அளவில்தான். வந்த படையினர் அதைவிட அதிகம். அங்கே ஜூன் குளிர்காலம் வேறு. கூடாரம், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை, தீவுக்காரர்களின் வீடு, துறைமுகத்தில் நின்ற கப்பல் என்று கிடைத்த இடத்திலெல்லாம் படுத்தார்கள். பிறகு 'கோஸ்டல்' எனப்பட்ட மிதக்கும் குடியிருப்புகள் வந்தன. படகுத் தளத்தின் மேல் பெட்டி பெட்டியாக அறைகளை அடுக்கி, ஸ்டான்லி துறைமுகத்தில் கட்டி நிறுத்தினார்கள்.

நிரந்தர ஏற்பாடாக மவுண்ட் பிளசண்ட் தளம் எழுந்தது. அதைக் கட்ட வந்த தொழிலாளர்களைக் கேப் டவுன்வரை விமானத்திலும் அங்கிருந்து கப்பலிலும் கொண்டுவந்தார்கள். படைவீரருக்கு அறை கட்டுவதற்கு முன், அறை கட்டுபவருக்குத் தங்குமிடம் போட வேண்டிய நிலை. 1985 மே மாதம் விமானநிலையம் திறக்கப்பட்டது. படுக்கை அறை, சாப்பாட்டுக்கூடம், பொழுதுபோக்கு இடம் எல்லாவற்றையும் இணைத்துச் சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு ஒரே நடைக்கூடம் அமைத்தார்கள், அந்தக் காற்றில் வெளியே இறங்காமல் போய்வர.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். ஆளைக் கூட்டி வந்தால் போதாது. வீடு, தண்ணீர்க் குழாய், மருந்தகம், மளிகைக் கடை எல்லாம் கூடவே வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைக் குறிக்கும் நம்முடைய 'லயம்' என்ற சொல்லும் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். வீரர்களின் வரிசைக் குடியிருப்புக்கும் அதே பெயர். பினாங்கில் சிப்பாய் லைன்ஸ் சாலை இன்னும் இருக்கிறது.

சரி, தமிழில் எந்தச் சொல்? 'பாசறை' பொருந்தாது. அது போர் நடக்கும்போது மன்னனும் படையும் தங்கும் இடம். போர் முடிந்தால் கலைந்துவிடும். 'நொச்சி' முற்றுகைக்குள் நின்று மதிலைக் காப்பது. 'காவற்படை' என்றால் நம் ஊரில் போலீஸ் என்றுதான் புரிந்துகொள்வார்கள். 'பாளையம்' ஊர்ப்பெயர்களில் கரைந்துவிட்டது. பழைய அகராதிகளில் உள்ள 'தாணையம்' நல்ல சொல்; படை நிறுத்தப்பட்ட இடத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. இன்று வழக்கில் இல்லை என்பது மட்டுமே குறை, அதுவும் எழுத எழுதத் தீரும்.

ஆளைக் குறிக்க 'நிலைப்படை' என்பதையே நான் விரும்புகிறேன். முதலாம் குலோத்துங்கன் பாண்டிய நாட்டை வென்றபின், கோட்டாறு உள்ளிட்ட வழிகள்தோறும் தன் படையினரைக் குடியமர்த்தினான். அவனுடைய மெய்க்கீர்த்தி அதை 'நிலைகள்' இட்டதாகச் சொல்கிறது. போர் முடிந்தபின் தொலைவிடத்தில் படையைத் தங்கவைத்த செயலுக்கு, ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிய தமிழ் இருக்கும்போது கேரிசன் என்று எழுத வேண்டியதில்லை. "ஃபாக்லாந்தில் பிரிட்டன் ஒரு நிலைப்படையை வைத்திருக்கிறது", "மவுண்ட் பிளசண்ட் தாணையம்" என்று தாராளமாக எழுதலாம்.

ஒரு நாடு எப்போதும் வைத்திருக்கும் மொத்த ராணுவத்தையும் சிலர் நிலைப்படை என்று எழுதுகிறார்கள். அதற்கு 'நிரந்தரப் படை' போதும். அங்கே சொல்ல வருவது காலத்தை. நிலைப்படையில் சொல்ல வருவது இடத்தை.