நான்கு நிமிடமா, ஒரு மாதமா?

வாசகி ஒருவர் படம் அனுப்பியிருந்தார். பனி உருகி முடிந்த புல்தரை. அதன் மேல் சுண்டுவிரல் பருமனில் நூற்றுக்கணக்கான மண் உருளைகள் சிதறிக் கிடக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துவந்து ஓட்டினாராம். "நாய்க்கூட்டம் வந்துபோன மாதிரி இருக்கிறது. குளிர்காலம் முழுக்க மண் உறைவதும் உருகுவதுமாக இருந்ததே, அதிலேயே பொலபொலவென்று ஆகியிருக்காதா? எதற்கு இந்தத் துளை?" என்று கேட்கிறார்.

அது மிதிபட்டு இறுகிய மண்ணில் துளை போட்டு, காற்றுக்கு வழி செய்யும் இயந்திரம். உறைபனி பற்றி அவர் கேட்டது நல்ல கேள்வி. முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும் என்று பள்ளியில் படித்திருப்போம். உறைபனி மண்ணைத் தூக்குவதற்கு முக்கியக் காரணம் அந்த விரிவு இல்லை. ஸ்டீஃபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர், தண்ணீருக்குப் பதில் பென்சீனை ஊறவைத்த மண்ணை உறைய வைத்துப் பார்த்து, 1930இல் அதை வெளியிட்டார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். அப்படியும் மண் மேலே எழும்பியது! உறையும் இடம் கீழேயிருந்து திரவத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. வந்து சேருவதெல்லாம் பட்டை பட்டையாக உறைந்து, மேலே உள்ள மண்ணை நெம்புகிறது. இதில் மேல்மண் கொஞ்சம் நெகிழ்வது உண்மைதான். ஆனால் வினை இருப்பது உருகும்போது. வெயில் மேலே படுவதால் மேல்மண் முதலில் இளகும். அடியில் இன்னும் உறைந்த மண் தட்டு போட்டதுபோல் இருக்கும். குளிர்காலமெல்லாம் இழுத்துச் சேர்த்த தண்ணீர் வடிய வழியில்லாமல் நடுவில் நிற்கும். மண் கூழாகக் கிடக்கும் அந்த நாட்களில்தான், வெயிலைக் கண்ட சந்தோஷத்தில் குழந்தைகள், நாய், நாம் எல்லோரும் புல்தரையில் இறங்குகிறோம். உறைபனி திறந்துவைத்ததைச் செருப்பு மூடிவிடுகிறது.

நல்ல மண்ணில் பாதிதான் மண். மறுபாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஏறத்தாழச் சரிபாதி தண்ணீரும் சரிபாதி காற்றும் இருப்பது நல்ல நிலை. மிதித்தால் முதலில் நசுங்குபவை பெரிய துளைகள், அதாவது காற்று குடியிருந்தவை. சிறிய துளைகள் தப்பித்து, தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மிதிபட்ட மண் கெட்டியாகவும் இருக்கிறது, சொதசொதவென்றும் இருக்கிறது. வேரும் ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டைஆக்சைடை விடுகிறது என்பது தெரிந்ததே. காற்று கிடைக்காவிட்டால் வேர் ஆழம் போகாது.

இனி எனக்குப் பிடித்த இடம். மண்ணுக்குள் காற்றை யார் அனுப்புகிறார்கள்? யாரும் ஊதுவதில்லை. மேலே அடிக்கும் காற்றுக்கு மண்ணுக்குள் அவ்வளவாக வேலை இல்லை. ஆக்சிஜன் மூலக்கூறு தானாகத்தான் போய்ச் சேர வேண்டும். அதுவும் நேராக நடக்கத் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டவன்போல ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே, இடித்து, திரும்பி, மறுபடி இடித்து. பாடப்புத்தகத்தில் இதற்கு விரவல் என்று பெயர். இதன் விதியை 1855இல் எழுதியவர் அடால்ஃப் ஃபிக். அவர் உடலியங்கியல்காரர்.

இப்படித் தடுமாறி நடப்பதில் ஒரு விசித்திரம். தூரம் 2 மடங்கானால் நேரம் 4 மடங்காகும். தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு. அசையாத காற்றில் ஆக்சிஜன் 10 சென்டிமீட்டர் விரவ ஏறத்தாழ 4 நிமிடம் போதும். அதே 10 சென்டிமீட்டர் அசையாத தண்ணீராக இருந்தால்? ஏறத்தாழ ஒரு மாதம். அவசரத்தில் தவறாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரில் ஆக்சிஜனின் விரவல் காற்றில் இருப்பதைப்போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். போதாததற்கு, சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனில் முப்பதில் ஒரு பங்குதான் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும். பாதையும் மெதுவு, சரக்கும் குறைவு.

தூரத்தின் இந்தக் குணம் நமக்குச் சாதகமாகவும் திரும்பும். தண்ணீரே ஆனாலும் 1 மில்லிமீட்டர் மட்டும் என்றால் அதே 4 நிமிடத்தில் கடந்துவிடும். வேரைச் சுற்றி எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் உண்டு, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. அந்தப் படலம்வரை காற்று வந்து சேர வழி இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

அந்த வழியை அளந்தவர் எட்கர் பக்கிங்காம். பொறியியல் படித்தவர்களுக்குப் பரிமாணப் பகுப்பாய்வில் வரும் பக்கிங்காம் பை தேற்றம் நினைவிருக்கும். அதே ஆள்தான். 1904இல் அமெரிக்க வேளாண் துறையின் மண் பிரிவில் இருந்தபோது, மண்ணில் காற்றுள்ள துளைகளின் பங்கு பாதியானால் வாயு விரவும் வேகம் ஏறத்தாழக் கால்வாசியாகக் குறைகிறது என்று காட்டினார். சில ஆண்டுகளிலேயே மண்ணை விட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். செவ்வாய்க் கிரகத்து மண்ணுக்குக் கிடைக்கும் பணத்தையும் கவனத்தையும் காலடி மண்ணுக்கு யாரும் தருவதில்லை என்ற என் பழைய புலம்பலை இங்கே ஒருமுறை பதிவுசெய்துவிட்டு மேலே போகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் இயந்திரத்துக்கு வருவோம். உள்ளே கூடான குழல்கள் மண்ணில் இறங்கி, உருளைகளை வெட்டி வெளியே எடுத்துப் போடும். துளை 1.5 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளை விழும்படி இரண்டு மூன்று முறை ஓட்டினால் ஒரு சதுர மீட்டரில் 400 துளைகள். எல்லா வாய்களையும் சேர்த்தாலும் தரையின் பரப்பில் 7 சதவீதம்தான். இதனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். துளைகளின் பக்கச் சுவர்களைக் கணக்கிட்டால் 1.5 சதுர மீட்டர் வருகிறது! ஒரு சதுர மீட்டர் தரைக்குள் ஒன்றரைச் சதுர மீட்டர் புதுத் தரை ஒளிந்திருக்கிறது. முன்பு 8 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்த வேருக்குக் காற்று 8 சென்டிமீட்டர் துழாவி வர வேண்டும். இப்போது எந்த வேரும் ஏதாவது ஒரு துளைச் சுவரிலிருந்து 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும். தூரம் ஏறத்தாழ மூன்றில் ஒன்று என்றால் நேரம் ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று.

மண்ணை வெளியே எடுப்பதுதான் முக்கியம். ஆணி அடித்த செருப்பை மாட்டிக்கொண்டு புல்தரையில் நடந்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நானும் மாட்டிக்கொண்டு ஒரு மாலை முழுக்க யானைபோல நடந்திருக்கிறேன். ஆணி மண்ணை எடுக்காது, பக்கவாட்டில் நெருக்கும். துளையின் சுவரே இறுகிப் பூசியதுபோல் ஆகும். என் எடையும் கூடவே இறங்கியது. கால்வலிதான் மிச்சம். பீர் ஊற்றலாம், ஷாம்பு ஊற்றலாம் என்பவர்களும் உண்டு. நசுங்கிய துளையை நுரை எப்படி விரிக்கும் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

எப்போது செய்வது? புல் வேகமாக வளரும் பருவத்தில். அப்போதுதான் வெட்டுக்காயம் சீக்கிரம் ஆறும். குளிர்ப்பகுதிப் புல்லுக்கு வசந்தமும் இலையுதிர்காலமும் பொருந்தும். களைவிதைகள் முளைக்கக் காத்திருக்கும் வசந்தத்தைவிட இலையுதிர்காலமே மேல் என்பது என் கட்சி. அருகம்புல் வகைகளுக்கு வெப்பம் ஏறிய பிறகு செய்யலாம். எதுவானாலும் மண் பிடியில் சேர்ந்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிழிந்தால் தண்ணீர் வருகிற மண்ணில் இயந்திரத்தை ஏற்றினால், இறுக்கத்தைப் போக்கப் போய் இறுக்கிவிட்டு வருவோம்.

எல்லாப் புல்தரைக்கும் இது தேவையும் இல்லை. ஈரப்பதமுள்ள மண்ணில் நீளமான ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்துங்கள். சிரமமில்லாமல் பிடிவரை இறங்கினால், மண்புழுக்கள் ஏற்கெனவே அந்த வேலையைப் பார்த்துவிட்டன என்று பொருள்.

படத்தில் இருந்த உருளைகளை அள்ளிக் கொட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் மழையும் புல்வெட்டியும் அவற்றைத் தூளாக்கித் தரையிலேயே சேர்த்துவிடும். அதற்குள் ஒன்றைக் கையில் எடுத்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். காற்றே எட்டாமல் நெடுநாள் ஊறிய மண்ணாக இருந்தால் உள்ளே சாம்பல் நிறமாக இருக்கும், சில சமயம் அழுகிய முட்டை வாடையும் அடிக்கும். அங்கே ஆக்சிஜன் இல்லாததால் இரும்பின் துரு நிறம் போயிருக்கிறது. அந்தச் சாம்பலுக்குள் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் ஓடினால் ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். நடுவில் நூல்போல ஒரு வேரோ, வேர் மக்கிப்போன தடமோ இருக்கும். காற்று உள்ளே வந்தது அந்த வழியாகத்தான்.