குடியரசுத் தலைவரை அதிபர் ஆக்காதீர்கள்

போன மாதம் மெய்ப்புத் திருத்துவதற்காக ஒரு சிறுவர் நூல் வந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம். ராஜேந்திர பிரசாத் முதல் திரௌபதி முர்மு வரை எல்லோரையும் பற்றியது. அட்டையிலேயே 'இந்திய அதிபர்கள்' என்று போட்டிருந்தார்கள். சரி, அட்டையை யாரோ அவசரத்தில் செய்திருப்பார்கள் என்று உள்ளே போனால், ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: '1969 மே 3 அன்று அதிபர் ஜாகிர் உசேன் காலமானார். துணை அதிபர் வி.வி. கிரி அதிபர் பொறுப்பை ஏற்றார். அவரும் அதிபர் தேர்தலில் நிற்பதற்காக ஜூலையில் விலகவே, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி இதயத்துல்லா தற்காலிக அதிபரானார்.' நான்கு வரியில் ஐந்து அதிபர். தகவல் ஒவ்வொன்றும் சரி. சொல்தான் ஒவ்வொன்றும் தப்பு.

இந்த 'இந்திய அதிபர்' எனக்குப் புதிதல்ல. தொலைக்காட்சியில் கேட்டிருக்கிறேன், பொது அறிவு வினாத்தாளில் பார்த்திருக்கிறேன், ஒரு கல்லூரி விழா அழைப்பிதழில்கூடப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் பார்த்தபோதுதான் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பிரசிடெண்ட். லத்தீனில் 'முன்னால்', 'உட்கார்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்தது. கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து அதை நடத்துகிறவர், அவ்வளவுதான். நம் ஊர்ப்புறத்தில் பஞ்சாயத்துத் தலைவரை 'பிரசிடெண்டு' என்கிறார்களே, அதுதான் சொல்லின் பழைய பொருளுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது. 1789இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பதவியேற்றபோது, இவ்வளவு எளிய சொல் நாட்டின் தலைமைக்குப் போதுமா என்று அவர்களுக்கே சந்தேகம் வந்தது. 'மேன்மை தங்கிய', 'உரிமைகளின் காவலர்' என்றெல்லாம் நீளமான பட்டம் ஒன்றை மேலவையில் முன்வைத்தார்கள். கீழவை ஒப்பவில்லை, வெறும் பிரசிடெண்ட் போதும் என்றது. மன்னராட்சியை உதறிவிட்டு வந்தவர்கள் வேண்டுமென்றே தேர்ந்த அடக்கமான சொல் அது. அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது நாம் தலையில் கிரீடம் வைத்துவிட்டோம்.

அதிபர் என்பது என்ன? வடமொழி 'அதிப' என்பதோடு நம் 'அர்' சேர்ந்தது. அதி என்றால் மேல். மேலே இருந்து காப்பவர், ஆள்பவர், உடையவர். அதிபதியும் இதே குடும்பம்தான். தமிழில் இது எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். ஆலை அதிபர் என்றால் ஆலைக்குச் சொந்தக்காரர். தொழிலதிபர் என்றால் தொழிலுக்கு முதலாளி. லட்சாதிபதிக்கு லட்சங்கள் சொந்தம். ஜாதகத்தில் ஏழாம் வீட்டு அதிபதி என்றால் அந்த வீட்டுக்குரிய கிரகம். எங்கும் உடைமையின் வாசனை. இந்தச் சொல்லை எடுத்து நாட்டின் பெயருக்குப் பின்னால் ஒட்டி 'இந்திய அதிபர்' என்றால், இந்தியா அவருக்குப் பாத்தியப்பட்டது என்றுதான் காதில் விழுகிறது.

1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் வைத்துப் பேசிய அம்பேத்கர் இதைத் தெளிவாகவே சொன்னார்: குடியரசுத் தலைவர் அரசின் தலைவர், நிர்வாகத்தின் தலைவர் அல்லர், நாட்டின் சார்பில் நிற்பவர், நாட்டை ஆள்பவர் அல்லர். நிர்வாக அதிகாரம் இவரிடம் இருப்பதாக 53ஆம் பிரிவு சொல்கிறதே என்று கேட்கலாம். 74ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அமைச்சரவையின் அறிவுரைப்படிதான் நடக்க வேண்டும் என்பதை 1976இல் 42ஆவது திருத்தம் கட்டாயமாகவே ஆக்கியது. 1978இல் வந்த 44ஆவது திருத்தம், மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஒருமுறை திருப்பி அனுப்பலாம் என்றது. மறுபடியும் அதையே சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். மசோதாவிலும் கிட்டத்தட்ட இதே கதை. 2006இல் ஆதாயம் தரும் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார், நாடாளுமன்றம் அப்படியே மறுபடி நிறைவேற்றியது, அவர் கையெழுத்துப் போட்டார்.

பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்து குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன் இந்தப் பதவியை அவசர விளக்குக்கு ஒப்பிட்டார். மின்சாரம் போனால் தானாக எரியும், வந்துவிட்டால் அணைந்துவிடும். அவசர விளக்கைப் போய் யாராவது அதிபர் என்பார்களா?

மறுதரப்புக்கும் வாதங்கள் உண்டு. 'அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் மாதிரி அதிகாரம் உள்ளவர் அதிபர். இந்தியா மாதிரி பெயரளவில் இருப்பவர் குடியரசுத் தலைவர். இரண்டு சொல் இருப்பது தமிழுக்கு வசதிதானே?' இதைத்தான் கொஞ்சம் மதிப்பேன். இந்தக் கோட்டை உண்மையிலேயே காப்பாற்றியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் காப்பாற்றியது யார்? ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிரசிடெண்ட் பெயரளவுத் தலைவர், அதிகாரம் சான்சலரிடம். ஏஞ்சலா மெர்க்கல் 2005 முதல் 2021 வரை சான்சலர். நம் செய்திகளில் அவர் ஒருநாள் ஜெர்மன் அதிபர், மறுநாள் பிரதமர். அவர் அதிபர் என்றால் 2017இல் அங்கே பிரசிடெண்டாக வந்த ஸ்டெயின்மயர் யார்? அவரும் அதிபர்தான்! அதிகாரம் உள்ளவரும் அதிபர், இல்லாதவரும் அதிபர். அப்புறம் எதற்கு இரண்டு சொல்?

'மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் அதிபர்' என்பது அடுத்தது. அமெரிக்காவிலும் தேர்வாளர் குழுதான் தேர்ந்தெடுக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் முதலில் அங்கிருந்துதான் அதிபரை இறக்க வேண்டும்.

'சின்னச் சொல், தலைப்பில் அடங்கும்' என்பது மூன்றாவது. இது வாதமே இல்லை, இட நெருக்கடி.

நான்காவதாக வருகிறவர்தான் என்னை அதிகம் சோதிப்பவர்: 'ஜனாதிபதி வடமொழி, அதனால் அதிபர் என்று தமிழாக்கினோம்.' ஐயா, ஜனாதிபதியில் ஜனமும் வடமொழி, அதிபதியும் வடமொழி. நீங்கள் ஜனத்தை மட்டும் வெட்டிவிட்டு அதிபதியைச் சுருக்கி வைத்துக்கொண்டீர்கள். தமிழும் வரவில்லை, மக்களும் போய்விட்டார்கள்.

இன்னொன்று, இலங்கை. அங்கே அதிபர் என்றால் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். தபால் அதிபர் உண்டு, புகையிரத நிலைய அதிபர் உண்டு, மாவட்டத்தில் அரசாங்க அதிபர் உண்டு. நாட்டின் தலைவருக்கு அங்குள்ள பெயர் ஜனாதிபதி. அரசியலமைப்பின் தமிழ் வடிவம் சனாதிபதி என்று எழுதும். 1972இல் குடியரசானபோது கோபல்லாவ பெயரளவில் அந்தப் பதவியில் இருந்தார், 1978இல் ஜெயவர்தன அதை நிறைவேற்று அதிகாரப் பதவி ஆக்கினார், இரண்டு பேருமே ஜனாதிபதிதான். பதவியின் தன்மை தலைகீழாக மாறியும் சொல்லை அவர்கள் மாற்றவில்லை. நம் நாளேடுகள் 'இலங்கை அதிபர் டெல்லி வருகை' என்று எழுதும்போது யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தவறாமல் கேட்பார்: 'எந்தப் பள்ளிக்கூடத்து அதிபர்?' சிங்கப்பூரில் அதிபர் என்பதே வழக்கு. அது அவர்கள் முடிவு, அங்குள்ளவரை அப்படியே எழுதுவோம். ஒரு நாடு தன் பதவிக்குத் தமிழில் ஒரு பெயர் வைத்திருந்தால் அதை மாற்ற நாம் யார்?

அப்படியானால் இந்தியாவுக்கு ஜனாதிபதி ஆகாதா? பேச்சில் தாராளமாக ஆகும். அப்துல் கலாமை டீக்கடையில் ஜனாதிபதி என்றுதான் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள், சில நாளேடுகளும் விடாமல் எழுதுகின்றன. கேட்டவுடன் புரிகிற சொல். என் குறை ஒன்றுதான்: லட்சங்களுக்கு உடையவர் லட்சாதிபதி என்றால் ஜனங்களுக்கு உடையவர் ஜனாதிபதி என்று ஆகிறது. ஜனம் முன்னால் இருந்தும் கீழேதான் நிற்கிறது.

குடியரசுத் தலைவரில் அந்தச் சிக்கல் இல்லை. முன்பெல்லாம் குடி என்றால் அரசனுக்குக் கீழே இருப்பவர். குடியரசில் குடியே அரசு. 1925இல் ஈரோட்டில் பெரியார் தொடங்கிய வார இதழுக்கே 'குடி அரசு' என்றுதான் பெயர். 1950 ஜனவரி 26 வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே சொல் தயாராக இருந்தது. அந்தக் குடியரசுக்கு ஒரு தலைவர். அவர் அதற்கு உடையவர் அல்லர், அதில் ஒருவர். முதல் குடிமகன் என்கிறோமே, அதோடும் இசைகிறது. இந்தியில் 'பதி' என்பதற்குக் கணவன் என்ற பொருளும் இருப்பதால், 2007இல் பிரதிபா பாட்டீல் வந்தபோது ராஷ்டிரபதி என்ற சொல் பெண்ணுக்குப் பொருந்துமா என்று ஒரு விவாதம் ஓடியது. நமக்கு அந்தத் தலைவலியே வரவில்லை. தலைவர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

தொல்லை எங்கே முற்றுகிறது தெரியுமா, ஆட்சியைக் கலைக்கும் இடத்தில். 356ஆம் பிரிவின் கீழ் தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை வந்தது குடியரசுத் தலைவர் ஆட்சி. கடைசி இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர் நம் வெங்கட்ராமன்தான், மத்திய அமைச்சரவை சொன்னபடி. அந்தச் சிறுவர் நூலில் இது 'அதிபர் ஆட்சி' ஆகியிருந்தது. தமிழில் அதிபர் ஆட்சி என்றால் அமெரிக்கா மாதிரியான ஆட்சி முறை! படிக்கிற பிள்ளை, 1976இல் தமிழ்நாடு அமெரிக்க முறைக்கு மாறிவிட்டது என்று எழுதி வைத்தால் யாரைக் குறை சொல்வது?

துணைக்கும் ஒரு வார்த்தை. அவர் 'துணைக் குடியரசுத் தலைவர்' அல்லர், 'குடியரசுத் துணைத் தலைவர்'. துணை என்பது தலைவருக்கு, குடியரசுக்கு அல்ல. முன்னதை எழுதினால் எங்கோ ஒரு துணைக் குடியரசு இருப்பது போலவும், அதற்கு இவர் தலைவர் போலவும் ஆகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்களைத் திட்டி மாளாது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள், இப்போது இயந்திரமும் சேர்ந்துகொண்டது. ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் விற்பனைப் பிரிவு 'வைஸ் பிரசிடெண்ட்' ஒருவரை 'துணை ஜனாதிபதி' என்று போட்டிருந்தார்கள். பாவம், அவருக்கே தெரியுமோ என்னவோ. சங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் தலைவர் போதும்.

நூலுக்கு வருகிறேன். இடத்துக்கு இடம் பார்த்து அதிபரைக் குடியரசுத் தலைவர் ஆக்குங்கள் என்று எழுதி அனுப்பினேன். ஒரே வாரத்தில் இரண்டாம் மெய்ப்பு வந்தது. அட்டை மாறியிருந்தது, 1969 பற்றிய பக்கமும் மாறியிருந்தது. மகிழ்ந்துகொண்டே புரட்டினால், தொழிற்சங்கத் தலைவராக இருந்த வி.வி. கிரியின் இளமைக்காலம் பற்றிய பக்கம். கணினியில் ஒரே தட்டாகத் தட்டி மாற்றியிருக்கிறார்கள். 'ஆலை குடியரசுத் தலைவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே பேச்சுவார்த்தை' என்று இருந்தது. ஆலைக்கு அடுத்து ஒற்றுகூடப் போடவில்லை.