மாடிஃபை செய்த பைக்குக்கு ஏன் விலை குறைகிறது?

காட்பாடியில் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பும் பையன்கள், பைக்கை விற்க, பழைய வண்டி வாங்கி விற்கும் என் கன்சல்டிங்குக்கு வருவார்கள். "மாடிஃபிகேஷனுக்கே நாற்பதாயிரம் ஆச்சுண்ணா" என்பார்கள். அந்தச் செலவை நான் விலையில் சேர்ப்பதில்லை. பல நேரம் அதனாலேயே விலையைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

வாங்குகிறவர் யார் என்று பாருங்கள். குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து வருபவர் பெரும்பாலும் குடும்பஸ்தர். பின்னால் மனைவி உட்கார வேண்டும். சிங்கிள் சீட் போட்டு, சேலை கார்டைக் கழற்றிய புல்லட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், சக்கரத்தில் துணி சிக்காத மறைப்பு மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி கட்டாயம். இது கழற்றுகிறவருக்கும் தெரியாது, கழற்றித் தரும் மெக்கானிக்குக்கும் தெரியாது.

அப்புறம் சைலன்சர். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை மாசுக்கான விதி) வண்டிகள் பலவற்றில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சைலன்சரோடு சேர்ந்தே இருக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வந்தால், புது கம்பெனி சைலன்சரின் விலையைக் கழித்துத்தான் பேசுவேன்.

இவையாவது திரும்ப மாட்டக்கூடியவை. வண்டியின் எலும்புக்கூடான சேஸை வெட்டி வெல்டிங் வைத்திருந்தால் அதை நான் எடுப்பதே இல்லை. எக்ஸ்ட்ரா லைட்டுக்காக ஒயரிங்கை வெட்டி டேப் சுற்றியிருந்தாலும் யோசிப்பேன். எங்கே ஷார்ட் ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

பேப்பர் விஷயமும் உண்டு. கம்பெனி கொடுத்த விவரமும் ஆர்.சி.யும் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட விதிக்கலாம். ஆர்.சி.யில் கறுப்பு, வண்டி பச்சை என்றால் பெயர் மாற்றும்போதே கேள்வி வரும்.

கிராஷ் கார்டு, நல்ல டயர் போன்றவற்றால் நஷ்டமில்லை, வண்டி சீக்கிரம் போகும். மற்றபடி ஆசைக்கு எதை மாற்றினாலும் சரி, கழற்றிய ஒரிஜினல் பாகங்களை மூட்டை கட்டி வீட்டிலேயே வையுங்கள். விற்கும் முன் அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, நீங்கள் வாங்கிப் போட்ட ஹேண்டில்பாரையும் சீட்டையும் தேடுகிற பையன்களிடம் தனியாக விற்றுவிடுங்கள். வண்டியோடு சேர்த்துக் கொடுத்தால் அவற்றுக்கு நான் எதுவும் தரமாட்டேன்.